படைச்சேர்ப்பு மையத்தின் மருத்துவப் பரிசோதனை: நான்கு நாள் அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

போர் நடந்துகொண்டிருக்கும்போது படையில் சேர்ந்தவன் நான். சேர்ப்பு மையத்தில் எனக்கு நடந்த மருத்துவப் பரிசோதனை எப்படி இருந்தது என்பதை, அடுத்து வரவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் முடிவெட்டு, சீருடை, படிவங்கள் என்று கழிந்தது. மறுநாள் விடிவதற்குள் உள்ளாடையுடன் வரிசையில் நின்றோம். எடை, மார்பளவு, சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் தாமதமின்றி முடிந்தன. இரத்த வகையை மட்டும், நாங்கள் கொண்டுவந்த சீட்டை நம்பாமல் அங்கேயே மீண்டும் சோதித்துக் குறித்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

கண் பிரிவை மனமாரப் பாராட்டுகிறேன். நிறப் பார்வையைச் சோதிக்கும் புள்ளித் தகடுகளை ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா படைக்கு ஆள் எடுப்பதற்கென்றே உருவாக்கி, 1917-இல் வெளியிட்டார். அத்தகடுகளை நல்ல வெளிச்சத்தில், யாரையும் அவசரப்படுத்தாமல் காட்டினார்கள். சிவப்பும் பச்சையும் தமக்குக் குழம்புகின்றன என்பதை ஒரு தோழர் அன்றுதான் அறிந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், நிறம் பார்த்து முடிவெடுக்கத் தேவையில்லாத பணிக்கு மாற்றினார்கள்.

செவித்திறன் சோதனைதான் பெருங்குறை. ஒலி புகாத அறையின் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வெளியே பெயர் கூப்பிடும் சத்தத்தில் மெல்லிய ஒலிகள் எனக்குக் கேட்கவே இல்லை. ஆனாலும் 'இயல்பு' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கி வெடிக்கும் ஓசை 140 டெசிபெல்லைத் தாண்டும்; அதனால் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சென்ற உயர் ஒலிகளில்தான் முதலில் தலைகாட்டும். பேச்சு வழக்கம்போலக் கேட்பதால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. சேரும் நாளில் எடுத்த பதிவு பிழையாக இருந்தால், போர் தன் செவியிலிருந்து எவ்வளவைப் பறித்தது என்பதை ஒரு வீரர் பிற்பாடு எதைக் காட்டி நிறுவுவார்?

மருத்துவரின் கேள்விகளும் அதே அவசரத்தில்தான் வந்தன. ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, மனநலத்துக்கு மருந்து உட்கொண்டதுண்டா என்று முப்பது பேர் காதில் விழும்படி கேட்டால், யார் உண்மையைச் சொல்வார்? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற என் பக்கத்துக் கட்டில்காரர், மூன்றாம் நாள் ஓட்டத்தில் மூச்சு இழுத்து உட்கார்ந்துவிட்டார். சிறு வயது முதலே அவருக்கு ஆஸ்துமா இருந்திருக்கிறது. அவர் பொய்யர் அல்லர், படையில் சேர வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர். மூடிய கதவும் ஐந்து நிமிடமும் கிடைத்திருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

தடுப்பூசிப் பிரிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்நியர்கள் கட்டிலோடு கட்டிலாகத் தங்கும் பாசறையில் மூளையுறைக் காய்ச்சல் எளிதில் பரவும் என்பதை விளக்கிவிட்டே ஊசி போட்ட செவிலியர், "கொஞ்ச நேரம் இங்கேயே உட்காருங்க தம்பி, மயக்கம் வந்தா உடனே சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

நான்காம் நாள், செவிச் சோதனையை மீண்டும் செய்யும்படி எழுதிக் கேட்டேன், மறுக்கவில்லை. இம்முறை கதவு மூடியிருந்தது. பட்டறையில் வேலை பார்த்த காலத்திலேயே என் இடது செவி 4000 ஹெர்ட்ஸில் சற்று மங்கியிருந்தது தெரியவந்தது. நீங்களும் தயங்காமல் கேளுங்கள். பதிவின் நகல் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.