ஆங்கிலம் மட்டும் போதுமா: கோபன்ஹேகனா, ஸ்டாக்ஹோமா?

டென்மார்க், ஸ்வீடன், நார்வே என்று ஸ்காண்டிநேவியாவில் வேலை என்றதும் முதலில் சொல்வார்கள்: "அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் வரும்." உண்மைதான். பல் டாக்டர் வரை ஆங்கிலத்தில் பதில் சொல்வார். சிக்கல் மதியச் சாப்பாட்டில்தான் ஆரம்பிக்கும். டென்மார்க் அலுவலகங்களில் பதினொன்றரைக்கே கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். மேஜையில் உங்களோடு ஒருவர் என்றால் ஆங்கிலம். நாலு உள்ளூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு டேனிஷுக்குத் தாவிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. எல்லாரும் சிரிப்பார்கள், நீங்களும் சும்மா சிரித்து வைப்பீர்கள். ஸ்வீடன் காபி மேஜையிலும் இதே கதைதான். அதனால் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: குழுவில் வெளிநாட்டவர் எத்தனை பேர்?

காசு மட்டும் கணக்கு என்றால் டென்மார்க்தான். உயர் சம்பளத்துக்கு வரும் வெளிநாட்டவருக்கு 7 ஆண்டு வரை 32.84 சதவீதம் வரி என்று ஒரு திட்டம் உண்டு. ஸ்வீடனிலும் சம்பளத்தில் கால் பங்குக்கு வரிவிலக்குத் தரும் திட்டம் இருக்கிறது. கையில் நிற்பது என்னவோ டென்மார்க்கில்தான் அதிகம். ஆனால் தலைநகர் கோபன்ஹேகனில் வீடு பிடிக்கும்போது மூன்று மாத டெபாசிட், அதற்கு மேல் மூன்று மாத முன்வாடகை வரை கேட்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. முதல் சம்பளம் வருவதற்குள் சேமிப்பு கரைந்துவிடும்.

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் வேறு வகைத் தலைவலி. வாடகை வீட்டுக்குப் பெயர் பதிந்து காத்திருக்கும் வரிசையில், நகர மையத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் நிற்க வேண்டும். புதிதாக வந்தவர் உள்வாடகைக்குப் போய், வருடத்துக்கொரு முறை பெட்டி கட்டுவார். ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பது பொது விதி. அந்தக் கடைசி ஆள் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

அப்படியிருந்தும் குடும்பத்தோடு தங்க நினைப்பவருக்கு நான் ஸ்வீடனைத்தான் சொல்வேன். காரணம் மொழி. ஸ்வீடிஷ் வகுப்பு இலவசம், எழுதியிருப்பதை ஏறக்குறைய அப்படியே உச்சரிக்கிறார்கள். டேனிஷில் பாதி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். எண்கள் இன்னும் மோசம்: எழுபதுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தைக்குள் இருப்பது 'மூன்றரை இருபது' என்ற கணக்கு. எழுபத்தேழு குரோனர் என்று கடைக்காரர் சொன்னால் ஏழு முன்னால் வரும், மூன்றரை இருபது பின்னால் வரும். பேசாமல் கார்டை நீட்டிவிடுவதே உத்தமம். அப்புறம், குழந்தை பிறந்தால் ஸ்வீடனில் பெற்றோர் இருவருக்குமாக 480 நாள் உதவித்தொகையோடு விடுப்பு.

நார்வே? ஸ்தவாங்கர் நகரத்து எண்ணெய்க் கம்பெனிகளில் ஆங்கிலம் ஓடும். மற்றபடி அங்கே மொழி கற்காமல் காலம் தள்ளுவது கடினம். வடக்கே ஃபின்மார்க் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த ஈழத்தமிழர்களைக் கேட்டால் தெரியும்.