அன்றே கையெழுத்துப் போடச் சொல்லும் ‘விருப்ப விலகல்’ கடிதம்: எச்சரிக்கை

சிங்கப்பூரில் ஆள் குறைக்கும் நிறுவனங்கள் சில ஒரே வழியைப் பிடித்திருக்கின்றன. மனிதவளப் பிரிவு திடீரென்று கூப்பிடும். அச்சடித்த கடிதம் மேசையில் தயாராக இருக்கும். “ஆட்குறைப்புன்னு போட்டா அடுத்த வேலை கிடைக்கிறது கஷ்டம். நீங்களே விலகுற மாதிரி எழுதிக் குடுங்க, மூணு மாசச் சம்பளம் தர்றோம். இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்.” இது அப்பட்டமான மிரட்டல். ஆட்குறைப்பில் வேலை போவது குற்றமல்ல.

அந்த மூன்று மாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். எட்டு ஆண்டுப் பணி, மாதச் சம்பளம் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 12,000. ஆனால் கடிதத்தில் எங்கோ ஒரு வரியில் ‘முன்னறிவிப்புச் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான பணமும் இதில் அடக்கம்’ என்றிருக்கும். ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்பு என்றால் அது 4,000. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குப் பத்து நாள் விடுப்பு மீதி இருந்தால் சுமார் 1,846 (4,000 × 12 ÷ 260 × 10). இரண்டும் எப்படியும் உங்களுக்குச் சேரவேண்டிய பணம். அதைக் கழித்தால் வேலை போனதற்காகத் தருவது வெறும் 6,154 வெள்ளி. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு காட்டும் வழக்கமான அளவு, ஓராண்டுப் பணிக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை. இரண்டு வாரத்தை அரை மாதமாக எடுத்தாலே 16,000 ஆகிறது; மேல் அளவில் 32,000.

இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இழப்பீடு இவ்வளவு என்று சட்டம் நிர்ணயிக்கவில்லை. இரண்டு ஆண்டு பணி முடித்தவர் கேட்கத் தகுதி பெறுகிறார், அவ்வளவுதான். தொகை வேலை ஒப்பந்தத்தையும் தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தத்தையும் பொறுத்தது; இரண்டிலும் இல்லையென்றால் பேசித்தான் வாங்கவேண்டும். பேச நேரம் தரக்கூடாது என்பதற்குத்தான் அந்த ஐந்து மணிக் கெடு.

சுயமாக விலகியதாக எழுதிக் கொடுத்தால் வேறு நட்டமும் உண்டு. ஆட்குறைப்பு போன்று தன் விருப்பமின்றி வேலை இழந்த, சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்போகாத சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தருகிறது. முதல் மாதமே 1,500 வரை. வேறு நிபந்தனைகளும் இருக்கின்றன. ஆனால் தானாக விலகியவர் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது.

நிறுவனத்துக்கோ இதில் லாபம். குறைந்தது பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒருவரை ஆட்குறைப்புச் செய்தால்கூட அவருக்குத் தெரிவித்த ஐந்து வேலை நாட்களுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிவிக்கவேண்டும். விலகல் கடிதம் வாங்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்து நீக்கினாலும், அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கும் திட்டத்தை நிறுவனம் காட்ட முடியாவிட்டால், அதைப் பொதுவாக ஆட்குறைப்பு என்றே அமைச்சு கருதும்.

விருப்ப விலகல் திட்டம் எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. ஒழுங்கான திட்டத்தில் தொகைக் கணக்கு எல்லாருக்கும் எழுத்தில் இருக்கும், யோசிக்க நாள் தருவார்கள், வேண்டாம் என்றால் வேலையில் தொடரலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கடிதம் நீட்டினால் “படித்துவிட்டுச் சொல்கிறேன், மின்னஞ்சலில் அனுப்புங்கள்” என்று சொல்லி எழுந்து வாருங்கள். கணினி அனுமதியை அன்று மாலையே துண்டிக்கக்கூடும் என்பதால் வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், விடுப்பு மீதி ஆகியவற்றின் நகலை முதலில் எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் கோப்பு எதையும் தொடாதீர்கள்; அது அவர்கள் கையில் ஆயுதமாகிவிடும். பிறகு சம்பளம், முன்னறிவிப்பு, விடுப்பு, இழப்பீடு என்று தனித்தனி வரியாகத் தொகை கேளுங்கள். இழப்பீட்டுக்கும் முன்னறிவிப்புக்குப் பதிலான பணத்துக்கும் மத்திய சேமநிதி கிடையாது, விடுப்புப் பணத்துக்கு உண்டு. வரியிலும் வித்தியாசம் இருக்கிறது: வேலை இழப்புக்கான ஈட்டுத்தொகைக்கு வருமான வரி இல்லை, முன்னறிவிப்புப் பணத்துக்கும் கடந்த காலச் சேவைக்கான கருணைத்தொகைக்கும் உண்டு. ஒரே மொத்தமாகப் போட்டால் குழப்பம் உங்கள் தலையில். ‘இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்’ என்ற வாசகத்தையும், போட்டி நிறுவனத்தில் சேரத் தடை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மிரட்டி விலகல் கடிதம் வாங்கியிருந்தால் அதையும் நியாயமற்ற பணிநீக்கமாக முத்தரப்புப் பிணக்குத் தீர்வு அமைப்பான டிஏடிஎம்மில் கொண்டுபோகலாம். கெடு, கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதம். “மேலிடத்தில் பேசுகிறோம், பொறுங்கள்” என்று இழுத்தடிப்பது இந்த மாதத்தைக் கடத்தத்தான். சம்பளம், ஒப்பந்தத்தில் எழுதிய இழப்பீடு போன்ற பாக்கிகளுக்கு ஆறு மாதம். சமரசம் ஆகாவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றம். உச்சவரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாக முத்தரப்புச் சமரசத்துக்குப் போனவருக்கு 30,000.

வேலை அனுமதியில் வந்தவர்கள் கவனிக்க: வெளிநாட்டவர் என்றால் பொதுவாக வரிக் கணக்கு முடியும்வரை முதலாளி பணத்தை நிறுத்திவைக்கவேண்டும், அது ஏமாற்று இல்லை. ஆனால் வேலை அனுமதிகளில் ஒரு வகையான ஒர்க் பெர்மிட் வைத்திருப்பவரிடம் ஊர் திரும்பும் பயணச்சீட்டுக்குக் காசு பிடித்தால் அது தவறு; அந்தச் செலவு முதலாளியுடையது. டிஏடிஎம்மில் புகார் கொடுப்பதாக இருந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.