21 வருடம் கழித்து வீட்டுக்கு வந்த பேட்டில் சர்க்யூட்

கோபி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த வீடியோ கேம்ஸ் கடையில் ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். வீட்டில் காய் வாங்க அனுப்பினால் மீதிச் சில்லறை அங்கேதான் போகும். அந்த மெஷின் நம் வீட்டிலேயே இருந்தால் எப்படி இருக்கும் என்று ஏங்கிய காலம் அது. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். ஞாயிறு ஆனால் லேப்டாப்பில் ‘கேப்காம் பீட் எம் அப் பண்டில்’ ஓடும். எதிரே வருகிறவர்களை அடித்துக்கொண்டே முன்னேறும் சண்டை ஆட்டங்களைத்தான் பீட் எம் அப் என்பார்கள். ஏழு பழைய ஆட்டங்கள் சேர்ந்து 2018-இல் வந்த தொகுப்பு.

முதலில் ஃபைனல் ஃபைட். 1989-இல் கடைக்கு வந்தது, அடுத்த வருடமே வீட்டு டிவியில் மாட்டி ஆடும் சூப்பர் நிண்டெண்டோவுக்கும் வந்துவிட்டது. ஆனால் அதில் கய் என்ற சண்டைக்காரன் கிடையாது, இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது, தொழிற்சாலை ஸ்டேஜையே காணோம். கடை மெஷினில் இருந்த அவ்வளவு பெரிய உருவங்கள் வீட்டு கேசட்டுக்குள் அடங்கவில்லை. இந்தத் தொகுப்பில் கய்யும் இருக்கிறான், பக்கத்தில் என் மகனும் உட்கார்ந்து ஆடுகிறான். இதற்குத்தான் காசு கொடுத்தேன்.

அப்புறம் 1994-இல் வந்த ஆர்மர்ட் வாரியர்ஸ், 1997-இல் வந்த பேட்டில் சர்க்யூட். இரண்டும் வீட்டுக்கு முதல் தடவை வந்தது இந்தத் தொகுப்பில்தான். பேட்டில் சர்க்யூட்டை நான் கடையில்கூடப் பார்த்ததில்லை. நெருப்புக்கோழி மேல் உட்கார்ந்து சண்டை போடும் சிறுமியை அக்கா பையன் விடவே மாட்டேன் என்கிறான். பொறுக்கிய நாணயங்களை வைத்து ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் புதுப்புது அடிகளை வாங்கலாம். நாலு பேர் ஒன்றாக ஆடலாம். இவ்வளவு நல்ல ஆட்டம் 21 வருடம் எங்கேயோ கிடந்ததே என்று மனசு கேட்கவில்லை.

செத்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் தொடரலாம். அப்படி ஆடினால் அடியைத் தடுக்கவே பழக மாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டில், கடையில் காசு போடுவது போலக் கணக்கு வைத்து, ஆளுக்கு மூன்று காசுதான், தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும்.

தொகுப்பில் இல்லாத ஆட்டம் முஸ்தபா. நம் பக்கம் அந்தப் பெயர்தான். உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், 1993-இல் வந்தது. கதை வேறொருவரின் காமிக்ஸ், ஆகவே உரிமை வாங்காமல் வெளியிட முடியாது.

தொகுப்பு வாங்கிய அன்றே பங்காளிக்கு போன் போட்டேன். “முஸ்தபா இருக்குதா?” என்றான். இல்லை என்றதும், “அது வந்தப்பறம் சொல்லு, வாங்கிக்கறேன்” என்று வைத்துவிட்டான்.