பஜேரோவோடு ஆறு வருடம்

2018-இல் வாங்கியபோது இந்த வண்டிக்குப் பதினோரு வயது. 2007 மாடல் மிட்சுபிஷி பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ், 2.8 லிட்டர் டர்போ டீசல், 1,32,000 கிலோமீட்டர் ஓட்டம். நான் மூன்றாவது உரிமையாளர். விலை ஐந்தரை லட்சம். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பொருத்தப்பட்ட வண்டி, அதனால் சொந்த ஊர்ப் பிள்ளை மாதிரி ஒரு பாசம் முன்பே உண்டு.

விற்றவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியை, காலையில் நான் வந்துதான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய டீசல் எஞ்சினின் உண்மை அந்த முதல் நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்தேன்; இருந்தால் எஞ்சினுக்குள் கோளாறு என்று அர்த்தம். அப்புறம் கீழே படுத்து, துரு தின்றிருக்கிறதா என்று சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முழுக்கத் தட்டிப் பார்த்தேன். பெயின்ட், சீட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இந்த மூன்றையும் விடாதீர்கள்.

எனக்கு இதில் பிடித்தது சூப்பர் செலக்ட் நாலு சக்கர இயக்கம். பல ஜீப்புகளில் நாலு சக்கரத்தையும் இணைத்துவிட்டுத் தார் ரோட்டில் ஓட்டினால் வளைவில் வண்டி இழுத்துப் பிடிக்கும், பாகங்களும் தேயும். இதில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் ஒன்று நடுவில் இருப்பதால், லிவரை 4எச்-இல், அதாவது நாலு சக்கரமும் இயங்கும் நிலையில், போட்டுக்கொண்டு தாரிலேயே போகலாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆடி மழையில் அந்த ஏற்றத்தில் லிவரைத் தள்ளியதும் வண்டி தரையோடு ஒட்டிக்கொள்வது ஸ்டியரிங் பிடித்த கைக்கே தெரியும்.

அதே லிவர்தான் நாலாவது வருடம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 4எச் போட்டால் மீட்டரில் முன் சக்கர இணைப்பைக் காட்டும் விளக்குகள் நிலையாக எரியாமல் மினுக்கிக்கொண்டே இருந்தன. கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். “டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிடுச்சு சார், ஒண்ணேகால் லட்சம் ஆகும்” என்றார்கள். எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. மனசு கேட்காமல், எஸ்டேட் ஜீப்புகளையே காலமெல்லாம் பார்த்த பொள்ளாச்சி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

அவர் ஸ்பானரையே எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் குனிந்து, ஒரு ரப்பர் டியூபை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரலை அழுத்தியதும் மெல்லிய ‘உஸ்’ சத்தம் நின்றது. எடுத்தால் திரும்பவும் கேட்டது. “தம்பி, காத்து இழுக்குது, அவ்வளவுதான்.” முன் ஆக்ஸிலை (முன் சக்கரங்களின் அச்சு) இணைப்பது வாக்வம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவிசை. டியூபில் வெடிப்பு விழுந்தால் அதை இழுக்கப் போதிய விசை கிடைக்காது. புது டியூபும் கூலியும் சேர்த்து 400 ரூபாய். அன்றைக்கே வாக்வம் டியூப் அத்தனையையும் மாற்றச் சொல்லிவிட்டேன். பதினைந்து வருட ரப்பரை எதற்கு நம்ப வேண்டும்?

செலவையும் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் ஒன்பது, மலை இறங்கினால் பத்து. டயர் 265/70 ஆர்15, நாலும் ஒரே சமயத்தில் மாற்றுவது கையைக் கடிக்கும். சராசரியாக வருடத்துக்கு 70,000 ரூபாய் பராமரிப்புக்குப் போகிறது. வாங்கும்போதே ஒன்றரை லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்தேன், முதல் வருடமே பாதி கரைந்தது. ரேடியேட்டர், கூலன்ட் ஹோஸ், பெல்ட் எல்லாம் வாங்கிய மாதமே மாற்றினேன். இந்த எஞ்சினை அளவுக்கு மீறிச் சூடேற விட்டால் அதன் மேல் பாகமான ஹெட் தாங்காது.

2022-இல் பதினைந்து வருடம் முடிந்தது. அந்த ஏப்ரலிலிருந்து காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆகியிருந்தது. கட்டி, பசுமை வரியும் செலுத்தி, இன்னும் ஐந்து வருடம் வாங்கிவிட்டேன்.

இப்போது ஓட்டம் 2,04,000. போன ஞாயிறு வால்பாறை போனபோது டாஷ்போர்டில் சாய்வு காட்டும் மீட்டரை மகள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள். வளைவுக்கு வளைவு “அப்பா, சாயுது!” என்று கத்தினாள். அடுத்த மாதம் முன் பக்கப் புஷ் மாற்ற வேண்டும், சாமான் வாங்கி வைத்தாயிற்று.