சென்னையில் தெரபிக்குப் பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

அக்கா மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, தேர்வு நெருங்க நெருங்க நெஞ்சு படபடப்பு, மூச்சுமுட்டல், ராத்திரியெல்லாம் விழிப்பு என்று ஆரம்பித்தது. மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே மாத்திரை இல்லாமல் பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் தெரபிக்கும் போகச் சொன்னார். அக்கா தேடிப் பிடித்த இடம் தென்சென்னையில் ஒரு தனியார் மையம். சுவர் நிறையச் சான்றிதழ்கள், பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம். பத்து அமர்வுக்கான 30,000 ரூபாயை முன்கூட்டியே கட்டினால்தான் ஆரம்பிப்பார்களாம். கட்டியதற்குக் கிடைத்த ரசீதில் முத்திரைகூட இல்லை.

அடுத்த அமர்விலேயே அங்கே தெரபி கொடுத்தவர், "மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடுங்கம்மா, மூளையை மழுங்கடிச்சிடும். நான் ஆழ்மனசுலயே சரி பண்ணிடுறேன்" என்று சொல்லிவிட்டார். நிறுத்தினார்கள். அந்த வாரமே பிள்ளைக்குத் தலைசுற்றல், குமட்டல், சுத்தமாகத் தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் பல மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் இப்படி ஆகும். மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். சைக்காலஜிஸ்ட் உண்மையான சைக்காலஜிஸ்டாகவே இருந்தாலும் மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்வது அவர் வேலை இல்லை.

இதைவிட எனக்கு ஆறாதது இன்னொன்று. அவள் நம்பிச் சொன்ன ஒரு சொந்த விஷயத்தை, வரவேற்பறையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது அவள் அப்பாவிடம் சத்தமாகச் சொன்னார் அந்த ஆள். சிகிச்சையில் பேசுவது ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அதற்கப்புறம் பல வாரங்கள் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, என்னிடம்கூட.

அப்போதுதான் நான் அங்கே போய்ச் சான்றிதழ்களைப் படித்துப் பார்த்தேன். ஹிப்னோதெரபி டிப்ளமா, வாரக் கடைசிப் பயிற்சிகள், எங்கேயோ வாங்கிய கௌரவ டாக்டர் பட்டம். "அரசுப் பதிவு எண்" என்று பெருமையாகக் காட்டியது சிறுதொழில்களுக்குக் கொடுக்கும் உத்யம் பதிவு. மாவு மில் வைத்திருப்பவரும் அதை வாங்கலாம்.

கேட்க வேண்டிய எண் வேறு. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். முதுகலைக்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு வருட எம்.ஃபில். முடித்தவர்களாக இருப்பார்கள். அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் அவர்களுக்குக் கொடுக்கும் சி.ஆர்.ஆர். எண்ணை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் போட்டால் பெயரும் தகுதியும் வரும். பதிவு காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள். 1992-ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டப்படி பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? எம்.எஸ்சி. படித்துவிட்டு நேர்மையாகக் கவுன்சலிங் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் தங்களைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதில்லை, எண்ணைக் கேட்டால் கோபப்படுவதும் இல்லை. இந்த ஆள் கோபப்பட்டார்.

அக்கா ஏன் நேரே அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். "கீழ்ப்பாக்கம்" என்று சொல்லிக் கேலி பேசியே வளர்ந்த ஊர் இது. யாராவது பார்த்துவிட்டால் பெண் பிள்ளைக்குப் பேராகிவிடுமே என்ற பயம்தான். இந்த மாதிரி மையங்கள் அந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன. இப்போது அவள் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறாள். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும். ஆனால் பொறுமையாகக் கேட்கிறார்கள், மாத்திரையும் மறுபடி ஆரம்பித்தாயிற்று. எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களிடமும் யாராவது இப்படி மொத்தமாகப் பணம் வாங்கியிருந்தால் ரசீது, வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, அன்றைக்கே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.