மாட்டாஸ்பத்திரியில் நாய், பூனைக்குத் தடுப்பூசி: போகலாமா?

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் அரசு கால்நடை மருந்தகத்தை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். சினை ஊசி, ஆட்டுக் கழிச்சல் என்று வருகிற கூட்டத்துக்கு நடுவில் ஒரு நாட்டு நாய்க்குட்டியையும், கட்டைப்பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டுகிற பூனையையும் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்களோ என்று தோன்றும், யாரும் சிரிக்கவில்லை. இரண்டுக்கும் வெறிநாய்க்கடி தடுப்பூசி காசில்லாமல் போட்டார்கள். பூனைக்கு எதுக்கு ஊசி என்று கூட வந்த மாமியார் கேட்டதற்கு டாக்டர், "பூனை கடிச்சாலும் பிராண்டினாலும் அந்த நோய் வரும்மா, வந்துட்டா காப்பாத்த முடியாது" என்றார். அதற்கப்புறம் மாமியாரே பூனையின் காலைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், மருந்துப் புட்டியை நம் கண் முன்னால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, காலாவதி தேதியைக் காட்டி, ஊசி போட்டதும் அதன் லேபிளைப் பிய்த்து அட்டையில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருடத்துக்கு ஒன்று.

ஆனால் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற நாய் நோய்களுக்கும் எலிக்காய்ச்சலுக்குமான கூட்டு ஊசி அங்கே இருப்பில் இல்லை, சீட்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். டெல்டாவில் அதைத் தள்ளிப்போடவே கூடாது. சம்பா வயல் முழுக்க எலி, எலி மூத்திரம் கலந்த வாய்க்கால் தண்ணீரைத்தான் நம் நாய் நக்கிக் குடிக்கிறது, எலிக்காய்ச்சல் நாயோடு நிற்காமல் வீட்டு ஆளுக்கும் வரும். பார்வோ வந்த குட்டி ரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரே ஊசியில் முடியாதா என்றால் முடியாது: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பு மருந்தையே வேலை செய்யவிடாது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போடுகிறார்கள்.

வாங்கப் போன மருந்துக் கடையில்தான் எரிச்சல். பிரிட்ஜிலிருந்து எடுத்து வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினார். இது 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே இருக்க வேண்டிய மருந்து, சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்தால் வெறும் தண்ணீரைக் குத்தின மாதிரிதான். திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு கடையில் ஐஸ் பேக்கோடு வாங்கினேன். பூனைக்கான மூன்று நோய்க் கூட்டு ஊசிக்கு அங்கேயும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருந்தது. வீட்டைத் தாண்டாத பூனைக்கும் அது வேண்டும், பூனைக் கழிச்சல் கிருமி நம் செருப்பிலேயே உள்ளே வந்துவிடும்.

மருந்தகத்தில் குறை என்றால் காத்திருக்கும் இடம்தான். ஆடு, மாடு, நோய்நாய் எல்லாம் ஒரே வேப்பமரத்தடியில். ஊசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையிலேயே வைத்திருங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள், முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே காட்டலாம். ஒரு நாள் சோர்ந்து படுப்பது சாதாரணம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தன்று முகாம் வைத்தால் கூட்டம் அள்ளும், கூட்டத்துக்கு மிரளும் நாய் என்றால் வேறு நாளில் காலையிலேயே போய்விடுங்கள், வாய்க்கட்டு நீங்களே கொண்டு போங்கள்.