குப்பை போகும், தொட்டி வராது: புகார் ஆப்புடன் இரண்டு வருடம்

மார்த்தாண்டத்தில் இருக்கும் தோழி போன வாரம் கூப்பிட்டாள். "நீ பார்க்குல குப்ப கெடந்தா போட்டோ புடிச்சு அனுப்புவியே, அந்த ஆப்பு கொள்ளாமா?" அவள் வீட்டுப் பக்கத்திலும் சிறுவர் பூங்கா ஒன்று திறந்திருக்கிறார்களாம். எங்கள் பக்கம் கொள்ளாம் என்றால் நல்லது; கொள்ளாம் அல்லது கொள்ளாது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவும் செய்தேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை நியாயம்தானா என்று அன்றைக்கிருந்தே ஒரு உறுத்தல்.

உள்ளாட்சிக்குப் புகார் அனுப்பும் ஆப் அது; ஓடிபி, பதிவு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு வருடத்தில் 37 புகார் அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி, பூங்காவில் இரண்டு சுற்றுக்கு மேல் நடக்க மாட்டார். அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கும் நேரம்தான் எனக்குப் புகார் நேரம்.

குப்பை விஷயத்தில் இந்த ஆப்பைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஞாயிறு சாயங்காலக் கூட்டம் கலைந்த பிறகு திங்கள் காலையில் போய்ப் பாருங்கள். சிப்ஸ் கவர், ரசவடை பொதிந்த காகிதம், தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும்விட டீ கப். பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கப், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் ஒன்று. அந்தத் தகவல் இன்னும் கப்புக்குப் போய்ச் சேரவில்லை. நம்ம குமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. கப்பில் ரெண்டு விரல் தண்ணீர் நின்றால் போதும், ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறக்கும். அதனால் சீக்கிரம் அள்ளுவதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. அனுப்பிய படங்களில் முக்கால்வாசிக்கு இரண்டு நாளுக்குள் இடம் சுத்தமாகிவிட்டது. சுத்தமான பிறகு எடுத்த படமும் வரும். முதல் தடவை அதை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "நம்ம பெஞ்சுதான்" என்றார்.

மரத்தடியில் நின்று அனுப்பினால் இடக்குறி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழும். அது வேறு வார்டு. அந்த வார்டுக்காரர்கள் வந்து தேடிவிட்டு, "குப்பை இல்லை" என்று முடித்துவிடுவார்கள். இப்போது வெயிலில் நாலடி தள்ளி நின்று அனுப்பப் பழகிவிட்டேன். இது சின்ன விஷயம்.

என்னை எரிய வைத்தது தொட்டி. ஒரே பெஞ்சைச் சுற்றி வாராவாரம் அதே குப்பை என்றால், கையிலிருப்பதைப் போட அங்கே ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? தொட்டி கேட்கலாம் என்று ஆப்பைத் திறந்தால் கேட்பதற்கு இடமே இல்லை. இருக்கிற வகைகள் எல்லாம் கெட்டுப்போனதைப் பற்றியவை: விளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது, தொட்டி நிரம்பி வழிகிறது. கிட்டத்தில் வருவது கடைசி வகைதான் என்று அதை அமுக்கி, குறிப்பில் "இங்கே தொட்டி வேண்டும்" என்று எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: "குறிப்பிட்ட இடத்தில் தொட்டி ஏதும் இல்லை. புகார் முடித்து வைக்கப்பட்டது." கூடவே பச்சை டிக்.

அதைத்தானே நான் சொன்னேன்!

பிறகு விசாரித்ததில் ஓரளவு புரிந்தது. அள்ளுவது அன்றாட வேலை, ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள், ஒரு போனில் முடியும். தொட்டி வாங்குவது செலவு. மதிப்பீடு, மன்றத் தீர்மானம், டெண்டர் என்று அது நடக்கிற பாதையே வேறு. அதோடு, வீடு வீடாக வந்து தரம் பிரித்து வாங்குகிறார்கள் என்பதால் தெருத் தொட்டிகளை எடுத்துவிடுவதுதான் இப்போது பல ஊர்களில் வழக்கம். தெருவுக்கு அது சரி. பூங்கா பெஞ்சுக்கு எந்த வண்டி காலையில் விசில் ஊதிக்கொண்டு வரும்? கையால் எழுதி மனுவும் கொடுத்தேன். "நிதி ஒதுக்கீட்டுக்குப் பின் பரிசீலிக்கப்படும்" என்று பதில். ஆப்பைவிட மனு மேல், என்ன கேட்டேன் என்றாவது அவர்களுக்குப் புரிந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள், தூத்துவாரும் அக்கா வாரியலை மரத்தில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"போட்டோ எடுக்கது நீதானா மக்ளே? எடுக்கதுக்கு முன்ன எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? ஒனக்க படம் போனா மேஸ்திரி என்னத்தான் ஏசுவாரு."

அந்த முழுப் பூங்காவுக்கும் அவர் ஒருவர்தான். முடித்து ரோட்டு வேலைக்கும் போக வேண்டும். என் 37 புகாரில் எத்தனை அவர் தலையில் போய் இறங்கியதோ, எண்ணிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து முதலில் அவரிடம் சொல்வேன். பாதி நாள் ஆப் தேவைப்படுவதே இல்லை.

தொட்டியையும் கடைசியில் அவர்தான் கொண்டுவந்தார். பழைய பெயிண்ட் வாளி, அடியில் நாலு ஓட்டை, விளக்குக் கம்பத்தோடு கட்டுக்கம்பியால் கட்டியது. பெஞ்சைச் சுற்றி அதன்பிறகு கப் கிடப்பது பாதியாகக் குறைந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் தூரத்தில் நின்று குறிபார்த்து எறிவார்கள், விழாவிட்டால் எடுத்துத் திரும்பவும் எறிவார்கள்.

போன வாரம் அக்காவுக்கு ரெண்டு நாள் காய்ச்சல். வாளி நிரம்பி வழிந்தது. மூன்றாம் நாள் வந்து பார்த்தவர், ரோட்டு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று என்னையே கூப்பிட்டார். "இப்ப எடு மக்ளே. நெறஞ்சு வழியுதுன்னு போடு, பொய்யில்லல்லா." எடுத்தேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாக வகை சரியாகப் பொருந்தியது. மறுநாளே பச்சை டிக் வந்தது. படத்தில் இடம் பளிச்சென்று இருந்தது. கம்பத்தில் அறுந்த கம்பி மட்டும் தொங்கியது. லாரிக்காரப் பையன்கள் வாளியோடு தூக்கிப் போட்டுவிட்டார்களாம்.

தோழி கூப்பிட்டது அன்றைக்குச் சாயங்காலம்தான். கொள்ளாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.